ஒரு புத்தகம், ஒரு செவி

கோடை விடுமுறையில் தொடக்கநிலைக் குழந்தைகளின் வாசிப்பு

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு இறுதித் தேர்வு, விடைத்தாள், பதிவேடு என்று எல்லோருக்கும் மூச்சுவிட நேரமில்லாத நாள்கள் இவை. இந்த நேரத்தில் கோடை விடுமுறை வாசிப்பைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். விடுமுறை தொடங்கிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை. செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி ஏப்ரலின் கடைசிப் பத்து வேலை நாள்களுக்குள்தான் இருக்கிறது. ஆகவே சரியான நேரத்தில்தான் கூடியிருக்கிறோம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விடுமுறை குழந்தைக்கு உரியது. ஆற்றிலும் கிணற்றிலும் குளிக்க, மாமா வீட்டுக்குப் போக, புளியமரத்தடியில் ஆட, சும்மா இருக்க அதற்கு உரிமை உண்டு. இரட்டைக்கோடு ஏட்டில் நாளுக்கு இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லும் விடுமுறை வீட்டுப்பாடத்துக்கு ஆதரவாக நான் இங்கே பேச வரவில்லை. அந்த ஏடுகள் ஜூன் மாதம் எப்படி வந்து சேரும் என்பது உங்களுக்கே தெரியும். பாதிப் பக்கங்கள் கடைசி இரண்டு நாளில் எழுதியவை. மீதியில் அக்காவின் கையெழுத்து இருக்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பார்த்து எழுதும் குழந்தை பெரும்பாலும் வாசிப்பதில்லை. எழுத்தின் வடிவத்தை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு போகிறது. பத்துப் பக்கம் எழுதிய பிறகு அதில் ஒரு வரியைக் காட்டி, "இதைப் படி, கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். எழுதிய குழந்தையே திகைத்து நிற்கும்.

ஜூன் மாதத்தில் நாம் பார்ப்பது

இரண்டாம் வகுப்பு முடியும்போது ஒரு குழந்தை தட்டுத் தடுமாறியேனும் நான்கு வரிக் கதையைப் படிக்கிறது. நமக்கு மகிழ்ச்சி; அதன் தாய்க்கு அதைவிட மகிழ்ச்சி. ஏறத்தாழ 40 நாள் கழித்து மூன்றாம் வகுப்புக்கு வருகிறது. அதே கதையைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறது. கொம்பு போட்ட எழுத்து வந்தால் நின்றுவிடுகிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பழையதை மீட்பதில் போகிறது.

நன்றாகப் படிக்கும் குழந்தைக்கு இந்த இடைவெளியால் பெரிய சேதமில்லை. கடைப் பலகையோ வார இதழோ கைப்பேசியோ, எதையாவது அது படித்துக்கொண்டுதான் இருக்கும். வாசிப்பின் வாசலில் நிற்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து. புதிதாகக் கட்டிய மண் சுவர் காய்வதற்குள் மழை பெய்த கதைதான். இரண்டாம் வகுப்பில் ஒருமுறை, மூன்றாம் வகுப்பில் ஒருமுறை, நான்காம் வகுப்பில் ஒருமுறை என்று இப்படியே நடந்தால், ஐந்தாம் வகுப்பில் அந்தக் குழந்தை படிக்கத் தெரியாததை மறைக்கக் கற்றுக்கொண்டுவிடும். கடைசி வரிசையில் உட்காரும். நண்பன் படிப்பதைக் காதில் வாங்கி மனப்பாடமாகச் சொல்லும். ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் அது வரும்போது அவர் கேட்கும் கேள்வி நாம் எல்லோரும் அறிந்ததுதான்: "அஞ்சு வருஷமா என்ன படிச்சே?"

பள்ளி நின்றால் மொழித்திறன் பின்னோக்கிப் போகும் என்பதைக் கொரோனாக் காலம் கண்கூடாகக் காட்டியது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் 2 முதல் 6-ஆம் வகுப்பு வரை படித்த 16,067 குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களில் 92 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித்திறன்களில் குறைந்தது ஒன்றையாவது இழந்திருந்தனர். அது நீண்ட இடைவெளி. கோடை விடுமுறை அவ்வளவு நீண்டதன்று. கோடையில் எவ்வளவு இழப்பு நேர்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆனால் புழங்காத திறன் துருப்பிடிக்கும் என்பதை அறிய நமக்கு நம் வகுப்பறையே போதும்.

தமிழ் வாசிப்பில் எது முதலில் நழுவுகிறது?

247 எழுத்து என்று கணக்குச் சொல்லி நாமே குழந்தையை அச்சுறுத்த வேண்டாம். 12 உயிர், 18 மெய், அவற்றைச் சேர்க்கும் குறிகள் என்று பார்த்தால் அது ஓர் ஒழுங்கான அமைப்பு. ஆனாலும் அந்த அமைப்பில் சில மேடுபள்ளங்கள் உள்ளன. விடுமுறையில் குழந்தை சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் அவைதாம்.

முதலாவது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இணைக் கொம்பும். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பழக்கம் விட்டுப்போன குழந்தை 'கொடி' என்பதைக் 'கெ' என்று தொடங்கி, பிறகு துணைக்காலைப் பார்த்துத் திணறும்.

இரண்டாவது, உகர வரிசை. கு, சு, டு, து, மு என்று எழுதிப் பாருங்கள். ஒரே ஒலிக்குறி எத்தனை வடிவம் எடுக்கிறது! ஆகாரத்துக்கு ஒரு துணைக்கால் போதும். உகரத்தையும் ஊகாரத்தையும் எழுத்துக்கு எழுத்து தனியாக நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, ஓர் எழுத்துக்கு இடத்துக்கு ஏற்ப வரும் ஒலி. கடல், தங்கம், மேகம் என்னும் மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. இதை விதியாகச் சொல்லிக்கொடுத்துக் குழந்தை கற்பதில்லை. தெரிந்த சொல்லை எழுத்தில் பலமுறை சந்தித்தே கற்கிறது.

நான்காவது, சொல்லின் நீளம். 'ஓடிக்கொண்டிருந்தது' என்பது பெரியவர்களுக்கு ஒரு பார்வை. எழுத்துக் கூட்டும் குழந்தைக்கோ அது ஒரு மலை. கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகிறது. வாசிப்பில் ஓரளவு வேகம் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். வேகம் இல்லாவிட்டால் பொருள் சேராது. பொருள் சேராவிட்டால் சுவை இல்லை. சுவை இல்லாத வேலையை விடுமுறையில் எந்தக் குழந்தை செய்யும்?

ஐந்தாவதுதான் நாம் அதிகம் கவனிக்காதது. வீட்டில் 'வந்துக்கிட்டிருக்காங்க' என்று பேசுகிற குழந்தை, புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதைப் படிக்கிறது. எழுத்துத் தமிழ் அதன் காதில் விழுந்ததே இல்லையென்றால், சரியாகக் கூட்டிப் படித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிடிபடாது. பள்ளி நடக்கும்போது அந்தத் தமிழ் நம் வாயிலிருந்து நாள்தோறும் அதன் காதில் விழுகிறது. விடுமுறையில் அதுவும் நின்றுவிடுகிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ சௌராஷ்டிரமோ பேசும் குழந்தைக்கும், வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குழந்தைக்கும் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

இவை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான். தன் நிலைக்கு ஏற்ற எளிய வரிகளை அடிக்கடி வாய்விட்டுப் படிக்க வேண்டும். யாரேனும் படிப்பதைக் கேட்கவும் வேண்டும். நாளுக்குக் கால் மணி நேரம் போதும். 40 நாளில் 10 மணி நேரம் ஆகிறது.

புத்தகம் கொடுத்தால் போதுமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஏழைக் குழந்தைகள் மிகுதியாகப் படித்த 17 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2010-இல் வெளியாயின. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கு முன்பும் குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களைக் கொடுத்தனுப்பினார்கள். மூன்று ஆண்டுகள் இப்படிச் செய்தபோது, புத்தகம் பெறாத குழந்தைகளைவிட இவர்களின் வாசிப்புத் திறன் கூடியிருந்தது. மிக ஏழ்மையான குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பயன் அதிகமாக இருந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பது.

அதே நாட்டில் 3 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2008-இல் வெளியானது. ஒரு பிரிவுக்குப் புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குப் புத்தகம் கொடுத்ததோடு, வாய்விட்டுப் படிப்பதற்கும் படித்ததைப் புரிந்துகொள்வதற்கும் விடுமுறைக்கு முன்பே ஆசிரியர்கள் பயிற்சி தந்தார்கள். குழந்தை படிப்பதைக் கேட்கும்படி வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டார்கள். புத்தகம் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. பயிற்சியும் கேட்பவரும் அமைந்த பிரிவு முன்னேறியிருந்தது.

நம் ஊருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். விடுமுறையில் குழந்தைக்குப் புத்தகமும் வேண்டும். அது படிப்பதைக் கேட்க ஒரு செவியும் வேண்டும். இவ்விரண்டையும் பள்ளி மூடும் முன் நாம் ஏற்பாடு செய்துவிட்டால், மற்றதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

முதல் வேலை: தனித்தனியாகக் கேளுங்கள்

எந்தக் குழந்தைக்கு எந்தப் புத்தகம் என்று தெரிய, அது படிப்பதை நாம் கேட்டாக வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைப் பிரித்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். 30 குழந்தைகள் என்றால் நாளுக்கு மூவர் வீதம் பத்து நாளில் முடியும். ஒருவருக்கு மூன்று நிமிடம். மதிப்பெண் வேண்டாம், ஒரு தாளில் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதினால் போதும். 'இணைக் கொம்பு தடுமாற்றம்.' 'எழுத்து தெரிகிறது, வேகம் இல்லை.' 'வேகமாகப் படிக்கிறாள், கதை கேட்டால் சொல்லத் தெரியவில்லை.' இந்தத் தாள் ஜூன் மாதம் அடுத்த வகுப்பு ஆசிரியர் கைக்குப் போகட்டும். இரண்டு மாத உழைப்பை அது அவருக்கு மிச்சப்படுத்தும்.

புத்தகத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்க ஓர் எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஒன்றிரண்டு விரல் மடங்கினால் சரியான புத்தகம். ஒரு விரலும் மடங்கவில்லையென்றாலும் கொடுக்கலாம். எளிய புத்தகத்தைச் சரளமாகப் படிப்பதும் பயிற்சிதான். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களை நிலைவாரியாகத் தந்திருப்பது இந்த வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. 'பற' நிலைக்கு வந்த குழந்தை 'நுழை' புத்தகத்தை எடுத்தால் தடுக்காதீர்கள். தம்பிக்குப் படித்துக்காட்ட எடுக்கிறதோ என்னவோ!

இரண்டாவது வேலை: பீரோவைத் திறங்கள்

சங்கடமான இடத்துக்கு வருகிறேன். பல பள்ளிகளில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நூலகப் புத்தகங்களைத் திரும்பப் பெற்று, எண்ணிக்கை சரிபார்த்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ஆண்டு முழுவதும் வாசிக்கச் சொல்லிவிட்டு, குழந்தைக்கு ஓய்வாக நேரம் கிடைக்கும் ஒரே காலத்தில் புத்தகத்தைச் சிறையில் வைக்கிறோம். தலைமையாசிரியர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. காணாமல் போனால் யார் பொறுப்பு? கிழிந்து வந்தால் இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது?

நம் மாநிலத்தில் பிறந்த ஒருவர் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். புத்தகம் பாதுகாத்து வைப்பதற்கன்று, கைபட்டுப் பயன்படுவதற்கே என்பதுதான் அவருடைய முதல் விதியின் சாரம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அவர் அங்கே எடுத்துக்காட்டுகிறார். அதே 1931-இல்தான் மன்னார்குடி அருகே மேலவாசலில், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் தொடங்கியது. சாலையே சரியாக இல்லாத காலத்தில் மாட்டு வண்டியில் போன புத்தகம், இன்று நம் பீரோவிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போகக் கூடாதா?

நடைமுறைக்கு வருவோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மானமாகவே எழுதிவிடுங்கள்: 'விடுமுறையில் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் இரவல் தரப்படும், இயல்பாக நேரும் சேதத்தைக் குழு ஏற்கும்.' பொறுப்பு ஒருவர் தலையில் விழாது. ஒரு குழந்தைக்கு மூன்று புத்தகம். ஒரே தெருவில் இருக்கும் நான்கு குழந்தைகளை ஒரு குழுவாக்கினால், ஆளுக்கு மூன்று என்று பன்னிரண்டு புத்தகம் அந்தத் தெருவில் சுற்றும். குழுவில் ஒரு குழந்தை பொறுப்பாளர். அதன் கையில் ஒரு சிறு குறிப்பேடு. துணிப்பையோ பழைய காலண்டர் அட்டையோ புத்தகத்துக்கு உறையாகட்டும். ஜூன் மாதம் கிழிந்து வந்த புத்தகத்தைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அதை ஒட்டுவதற்கு ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்குங்கள். குழந்தைகளுக்கு அது நல்ல கைவேலை.

பீரோவில் போதிய புத்தகம் இல்லையா? ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களின் பழைய பிரதிகள் இருக்கும். முடிந்த பருவத்தின் பாடநூல்கள் இருக்கும். குழந்தைகள் வகுப்பில் சொன்ன கதைகளை நாமே பெரிய எழுத்தில் எழுதி, எட்டுப் பக்கமாக மடித்துத் தைத்தால் அதுவும் புத்தகம்தான். தன் பெயர் வரும் கதையைக் குழந்தை பத்து முறை படிக்கும். ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால், பள்ளி முடியும் முன் ஒருநாள் குழந்தைகளை அழைத்துச் சென்று நூலகரிடம் அறிமுகப்படுத்துங்கள். இந்தியாவிலேயே முதன்முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டத்தால் வந்த நூலகத்தின் வாசற்படியைக் குழந்தை ஒருமுறை நம்மோடு ஏறிவிட்டால், அடுத்த முறை தானாக ஏறும்.

மூன்றாவது வேலை: வீட்டில் ஒரு செவி

இதுதான் என் உரையின் மையம். "வீட்டில் படிக்க வையுங்கள்" என்று நாம் பெற்றோரிடம் சொல்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். 'இது உன்னால் ஆகாத வேலை' என்றுதான் கேட்கும். அவர் தலையைக் குனிந்துகொள்வார். பிறகு கூட்டத்துக்கே வரமாட்டார்.

அவரால் ஆகும் வேலையைச் சொல்வோம். ஏப்ரல் கடைசியில் பெற்றோரை அழைத்து, இப்படிப் பேசலாம்:

"அம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. புள்ள படிக்கும்போது பக்கத்துல உக்காருங்க, அது போதும். வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேளுங்க, பூக் கட்டிக்கிட்டே கேளுங்க. தப்பாப் படிக்குதோன்னு கவலைப்படாதீங்க, அதை நாங்க பாத்துக்குறோம். நடுவுல நின்னுச்சுன்னா திட்டாதீங்க; மனசுக்குள்ள அஞ்சு எண்ணுற வரைக்கும் பொறுங்க. அப்பவும் வரலைன்னா, 'சரி, அதை விட்டுட்டு மேல படி'ன்னு சொல்லுங்க. முடிச்சதும், 'அப்புறம் அந்த நரி என்னாச்சு?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. எந்த மொழியில சொன்னாலும் சரி, கதையைச் சொல்லட்டும். அவ்வளவுதான்."

இவ்வளவு சொன்னால், அந்தத் தாய் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள். 'மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க' என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள். படித்த பெற்றோருக்கும் அது தேவை. குழந்தை வாயைத் திறப்பதற்குள் அவர்களே சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள்.

தாய் நூறு நாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறவரா? பாட்டி இருக்கிறார். படித்துக்காட்டும் பேரப்பிள்ளைக்குப் பாட்டியைவிட நல்ல ரசிகர் கிடையாது. கதை முடிந்ததும் அவர் தன் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். அது இரட்டிப்பு இலாபம். பாட்டியும் இல்லையென்றால் டீக்கடைத் தாத்தா, இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய தன்னார்வலர், பக்கத்து வீட்டு அண்ணன் என்று யாராவது இருப்பார்கள். ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கும் எதிரே 'கேட்பவர்' என்று ஒரு பெயர் எழுதாமல் பள்ளியை மூட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் போகும் குழந்தைகள் உண்டு. அவர்களைப் பட்டியலிலிருந்து விட்டுவிடாதீர்கள். சட்டிப் பானையோடு சேர்த்துக் கட்ட இரண்டு மெல்லிய புத்தகம் பாரமில்லை. அவை திரும்பி வராமலே போகலாம், போகட்டும்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு

இது தொடக்கப் பள்ளிக்காரர்களின் வேலை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் எட்டாம் வகுப்பில் சரளமாகப் படிக்கத் தெரியாத சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நிலைக்கு ஏற்ற எளிய புத்தகத்தைக் கொடுத்தால் தொடமாட்டார்கள். அது அவர்களுக்கு அவமானம். ஆனால் அதே பையனிடம், "உன் தெருவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் இருக்காங்க. விடுமுறையில் சாயங்காலம் அவங்களுக்குக் கதை படிச்சுக்காட்டணும், உன்னால முடியுமா?" என்று கேளுங்கள். இப்போது அந்த எளிய புத்தகம் அவனுக்குப் பொறுப்பின் அடையாளம். படித்துக்காட்டும் முன் அவன் வீட்டில் இரண்டு முறை தனியாகப் படித்துப் பார்ப்பான். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் காதில் விழும். அவனுக்கு வாசிப்பு கூடும். யாரும் யாருக்கும் முன்னால் தலைகுனிய வேண்டியதில்லை.

ஊரெல்லாம் எழுத்து

புத்தகம் இல்லாத நேரத்திலும் எழுத்து உண்டு. கோடை நம் ஊர்களில் திருவிழாக் காலம். நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, சுவரொட்டி, மஞ்சள்தூள் பாக்கெட், நியாயவிலைக் கடைப் பலகை என்று எங்கு பார்த்தாலும் எழுத்து. பேருந்தின் நெற்றியில் 'துறையூர் வழி மண்ணச்சநல்லூர்' என்று இருந்தால், ணகரமும் நகரமும் லகரமும் ஒரே ஊர்ப் பெயரில் கிடைத்துவிட்டன! 'விடுமுறையில் நீ போன ஊர்களின் பெயர்ப் பலகைகளைப் படித்து, பிடித்த ஐந்து பெயரைச் சொல்' என்று ஒரே ஒரு விளையாட்டை மட்டும் சொல்லி அனுப்புங்கள். எழுதிவரச் சொல்லாதீர்கள். நினைவில் கொண்டுவரட்டும்.

கைப்பேசி உள்ள வீடுகளில் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். வாரம் ஒருமுறை குழந்தை ஒரு பக்கத்தைப் படித்துக் குரல் பதிவாக அனுப்பினால், "சிங்கம் வர்ற இடத்தை நல்லாப் படிச்சே" என்று ஒரு வரி பதில் சொல்லுங்கள். திருத்தம் வேண்டாம். ஆனால் இதைக் கட்டாயமாக்காதீர்கள். கைப்பேசி இல்லாத வீட்டுக் குழந்தை அதனால் பின்தங்கியதாக உணரக் கூடாது. நமக்கும் விடுமுறை வேண்டும். மே மாத நடுவில் ஒருமுறை, மிகவும் தடுமாறும் ஐந்தாறு குழந்தைகளின் வீட்டுக்கு மட்டும் ஒரு தொலைபேசி அழைப்பு, அதுவே போதும். "டீச்சர் போன் பண்ணாங்க" என்பது ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

ஜூன் முதல் வாரம்

பள்ளி திறந்ததும் தேர்வு வைக்காதீர்கள். எத்தனை புத்தகம் படித்தாய் என்று எண்ணிக்கை கேட்டுப் பரிசு கொடுக்காதீர்கள். ஒன்றும் படிக்காமல் வந்த குழந்தை அன்றே ஒதுங்கிவிடும். படித்த குழந்தையும் அடுத்த ஆண்டு எண்ணிக்கைக்காகப் பக்கம் புரட்டும். வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கதை பிடித்தது, எது பிடிக்கவில்லை, யாருக்குப் படித்துக்காட்டினாய், அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லும் குழந்தையை இன்னும் கூர்ந்து கேளுங்கள். அது உண்மையாகவே படித்திருக்கிறது.

ஒன்றும் படிக்காமல் வந்த குழந்தையிடம் அன்றைக்கே ஒரு புத்தகத்தைக் கொடுத்து, அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கோடையில் அதற்குக் கிடைக்காத செவி நம்முடையதாக இருக்கட்டும்.

நேரம் கருதி நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கூட்டம் முடிந்து பள்ளிக்குத் திரும்பியதும் மூன்று வேலைகளைத் தொடங்குங்கள்: இன்று மூன்று குழந்தைகள் படிப்பதைக் கேளுங்கள், தலைமையாசிரியரிடம் பீரோச் சாவியைப் பற்றிப் பேசுங்கள், பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள். ஐயங்கள் இருந்தால் தேநீர் இடைவேளையில் பேசலாம்.